மின்விசிறி: இரண்டு

டானிங்டனுக்குக் கீழே, தேயிலைச் சரிவில்,
வாடகை வீட்டில் இருக்கிறது எங்கள் இல்லம்.
பெயர்ப்பலகை இல்லை.
வைத்தால் புருஷன்மார்களுக்கு வழி தெரிந்துவிடும்.

இன்று மார்ச் இருபத்தொன்பது.
பயன்பாட்டுச் சான்று முப்பத்தொன்றுக்குள்
ஊட்டி ஆபீசுக்குப் போகவேண்டும்.
போகாவிட்டால் அடுத்த தவணை வராது.
போன தவணையே வரவில்லை என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

எஸ்தருக்கு ஒன்பது மாதச் சம்பளம் பாக்கி.
இருந்தும் இரவுக் காவலுக்கு வருகிறாள்,
டார்ச்சும், கரடிக்கென்று ஒரு தகரத் தட்டும்.
"கரடின்னா தட்டுனாப் போயிரும்க்கா" என்பாள்.
மீதியைச் சொல்லமாட்டாள்.

அனுமதித்த பொருட்களின் பட்டியலை
சமவெளியில் யாரோ வியர்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள்.
மண்பானை ஒன்று, ஸ்டாண்டோடு.
கொசுவலை ஆறு.
மின்விசிறி இரண்டு.
கம்பளி என்ற சொல்லே அதில் கிடையாது.

ஜனவரியில்,
புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல் உறைந்துகிடந்த விடியலில்
சோலூர்மட்டம் பக்கமிருந்து வந்தாள் யோகராணி.
நைட்டிக்கு மேல் கொழுந்து பறிக்கக் கட்டும் படங்கு.
ஒரு காலில் மட்டும் செருப்பு.
கீழ்த்தாடை இடத்தைவிட்டு நகர்ந்திருந்தது.
ஜீப்காரருக்கு எண்ணூறு.
போக்குவரத்துத் தலைப்பில்
ஆளுக்கு நூறுதான் எழுதலாம்.
மிச்சம் எழுநூறை
'எழுதுபொருள்' என்று எழுதினேன்.
அந்தக் கணக்குப்படி
இந்த வருடம் இங்கே முந்நூறு பேனா தீர்ந்திருக்கிறது.
அத்தனைக்கும் எழுத விஷயம் இருந்தது.
பேனாதான் இல்லை.

தணிக்கைக்கு வந்தவர் ஈரோட்டுக்காரர்.
இரண்டு ஸ்வெட்டர், காதை மூடி மப்ளர்.
டீ கிளாசை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டியபடி
இருப்புப் பதிவேட்டைப் பார்த்தார்.
"ஃபேன் ரெண்டும் பொட்டியிலயே இருக்குதுங்களே மேடம்?"
"குளிருங்க சார்."
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொய்யில்லை.
முழுசும் இல்லை.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன்
ஏணி போட்டு, கொக்கிக்குப் பென்சிலால் குறியும் வைத்துவிட்டான்.
அறுபது ரூபாய் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்
(அதுவும் எழுதுபொருள்).
முதல் இரவு இங்கே படுக்கிறவர்கள்
கதவைப் பார்ப்பார்கள்.
தாழ்ப்பாளை எழுந்துபோய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள்.
அப்புறம் மல்லாந்து
வெகுநேரம் கூரைப் பலகையைப் பார்த்திருப்பார்கள்.
அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது.

பென்சில் குறி இன்னும் இருக்கிறது.
தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்த நாட்களில்
அதைக் காட்டி, கையாலேயே
என்ன என்று கேட்டாள் யோகராணி.
பல்லி என்றேன்.
நம்பவில்லை. மறுபடி கேட்கவுமில்லை.

தணிக்கைக் குறிப்பு வந்துவிட்டது:
பயன்பாட்டில் இல்லாத மின்விசிறிகளுக்கான தொகை
மூவாயிரத்து அறுநூற்று நாற்பதை
அரசுக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும்.
எஸ்தரிடம் வாசித்துக் காட்டினேன்.
"என் சம்பளத்துல கழிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.
அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

கடைசிப் பக்கம்.
பயனாளிகள் எண்ணிக்கை.
கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
மீண்டும் வந்தவர்களை ஒருமுறை மட்டுமே எண்ணவும்.

யோகராணி மூன்று முறை வந்தாள்.
ஜனவரியில் ஜீப்பில்.
பிப்ரவரியில், பையன்களைப் பார்க்கவென்று போய்
பதினோராம் நாள், கட்டபெட்டு வழியாக நடந்து.
போன வாரம் எப்படி வந்தாள் என்று சொல்லவில்லை.
நேற்று மறுபடி போய்விட்டாள்.
பன்னிரண்டு நாள் கூலி எஸ்டேட்டில் நிற்கிறதாம்,
வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

ஒன்று என்று எழுதி
முத்திரை குத்திவிட்டேன்.

பீரோவில் ஒரு கம்பளி மடித்து வைத்திருக்கிறேன்.
அது பதிவேட்டில் ஏறவில்லை.
எழுதுபொருள்.