சொத்து விவரம்

கடல் இல்லாத ஊருக்குப்
பட்டினம் என்று பேர் வைத்தவர்களை
எனக்குத் தெரியாது.
காவேரிப்பட்டினத்தில் காவேரியும் இல்லை.
ஓடுவது பெண்ணை.
ஓடுவது என்றால்,
அணையில் மதகு தூக்கினால்.

பத்திரம் எழுத வந்து பத்தொன்பது வருடம்.
நேற்று ஆற்றங்கரை வீடு வந்தது மேசைக்கு.
ஏழு பேர் விற்கிறார்கள், ஒருவர் வாங்குகிறார்.
மூலப்பத்திரத்தைப் பிரித்தேன்:
முதலில் தும்மல், பிறகு ஒரு பல்லிமுட்டை ஓடு,
பிறகு 1911.

"கிழமேல் ஜாதியடி அறுபத்திரண்டு,
தென்வடல் நூற்றுப்பத்து,
பெண்ணையாற்றுக்கு மேற்கு, கடைத்தெருவுக்குக் கிழக்கு,
இதற்குள்பட்ட மச்சுவீடு, கல்கிணறு,
புளிக்கிடங்கு இரண்டு, ரங்கூன் தேக்கு உத்திரம் பதினாறு,
நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்"
எல்லாம் வழக்கம்தான்.
அடுத்த வரி:
"பரங்கிப்பேட்டைத் துறையில் நிற்கும்
பத்தகுல்பாரி என்கிற பாய்க்கப்பலில்
எட்டில் ஒரு பங்கும்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
கப்பல்தான்.

1938 பாகப்பிரிவினை: எட்டில் ஒரு பங்கும்.
1964 தானசெட்டில்மெண்ட்: எட்டில் ஒரு பங்கும்.
1989, தட்டச்சில், புள்ளி விட்டுப்போய்:
கபபலில் எட்டில் ஒரு பங்கும்.
ஒருத்தரும் அடிக்கவில்லை.
முன்பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுது,
எங்கள் தொழிலுக்கு வேதம் அவ்வளவுதான்.

முனிரத்தினம் செட்டி புளி அனுப்பியிருக்கிறார்.
கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, மிதித்து,
மாட்டுவண்டியில் ஒன்பது இரவு,
அப்புறம் தண்ணீர்.
புளி போன வழியே தேக்கு வந்தது.
யாரோ ஒரு பர்மாக்காரன் சூட்டுக்கோலால் போட்ட நம்பர்
உத்திரத்தில் இன்னும் இருக்கிறது.
அதைத் திம்மராயன் அண்ணாந்து பார்த்து
வாய்க்குள் கன அடிக் கணக்குப் போட்டார்.
அவருக்கு மாம்பழக்கூழ் டிரம் அடுக்க இடம் வேண்டும்.

கப்பலைச் சொன்னேன்.
சிரித்தார்கள்.
மூத்தவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே,
"அடிச்சிடுங்கம்மா" என்றார்.
திம்மராயன் சிரிப்பை முதலில் நிறுத்தினார்.
"எங்க இருக்கு அது?"
தெரியாது.
ஏதோ ஓர் ஐப்பசியில்
துறையிலிருந்து போயிருக்கும்.
"அப்ப விலையில ரெண்டு லட்சம் தட்டுங்க.
சொத்துல எழுதியிருக்கு. கைக்கு வரலை."

அரைமணி நேரம் கப்பலுக்காகச் சண்டை.
இரண்டு டீ, ஒரு தடவை கரண்ட் போனது.

நாகரத்னா, ஏழில் கடைசிப் பங்கு,
ஓசூர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து
முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்,
அதுவரை சுவரில் தலை சாய்த்திருந்தாள்.
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:
"அந்த ரெண்டு லட்சத்த என் பங்குல கழிச்சுக்கங்க.
கப்பல் எனக்கு."

"பைத்தியமா உனக்கு" என்றார் மூத்தவர்.
மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்,
நான் அச்சுப்பொறியைப் பார்த்தேன்.

கணினியில் மனை இருந்தது, நஞ்சை புஞ்சை இருந்தது,
அடுக்குமாடி, மானாவாரி, மயான பூமிகூட.
கப்பலுக்குக் கட்டம் இல்லை.
சர்வே எண் கேட்டது.
உட்பிரிவு கேட்டது.
ஆகவே அடித்தேன்:
"மேற்படி கப்பல் பங்கு நீங்கலாக."
நீங்கலாக என்ற சொல்லை
இவ்வளவு மெதுவாக நான் அடித்ததே இல்லை.

பிறகு தனியாக ஒரு விடுதலைப் பத்திரம்.
பதிவாகாது என்று சொன்னேன்.
பரவாயில்லை என்றாள்.
ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக,
ஒருத்தர் கைநாட்டு,
எட்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்.
ஈர மை படாமல் அவள் தாளை ஊதினாள்.

"சொத்தின் மதிப்பு?" என்று கேட்டேன்.
வழக்கமாகக் கேட்பதுதான்.

"ரெண்டு லட்சம்னு போடுங்க" என்றாள்.
"குடுத்திருக்கேன்ல."