ஒன்பதாவது சுற்று

மாடக்குளம் கண்மாய் இந்த வருஷம் மறுகால் பாய்ந்தது.
அதனால்தான் போட்டி.
ஒன்பது சுற்று. எண் முப்பத்தொன்று, நான்.
துடுப்பைத் தொட்டுப் பதினேழு நாள்.

துடுப்புப் போடுகிறவள் பார்ப்பது புறப்பட்ட இடத்தை;
போகுமிடம் முதுகுக்குப் பின்னால்.
முந்துகிறவருக்கு மற்ற எல்லாரும் தெரிவார்கள்.
எனக்கோ
பசுமலை, ஒரு பம்ப்செட் கொட்டகை,
நான் கிழித்த தண்ணீர்
தன்னைத் தானே தைத்துக்கொள்வது.

மூன்றாம் சுற்றில் கொப்புளம். நாலில் உடைந்தது.
ஆகாயத்தாமரை இடது துடுப்பைப் பற்றிக்கொண்டு
விடு என்றால் விடவில்லை.
ஐந்தில்தான் ஆள் பார்த்தேன்.
தூரத்திலிருந்து முதுகுகள் வந்தன:
மண்டபம் ரீகன், கீரைத்துறை தவமணி.
நனைந்த பனியன்களாக வளர்ந்து
பக்கத்தில் வெறும் மூச்சாகி
என்னை ஒரு சுற்று தின்றுவிட்டுப் போனார்கள்.

முக்குளிப்பான் ஒன்று மட்டும்
முங்கி, எங்கோ எழுந்து,
கூடவே வந்தது கொஞ்ச தூரம்.

கரையில் பந்தல் பிரித்தாயிற்று.
புளியோதரைப் பொட்டலம் ஒன்று மீந்திருந்தது.
நேரம் குறிக்கும் பொன்னுத்துரை நோட்டைப் புரட்டினார்,
தலையைச் சொறிந்தார்.
"எட்டா, ஒம்போதா? சரி, ஒம்போதுன்னு போட்டுர்றேன்.
ஏறி வாங்கம்மா, வெயிலு கொல்லுது."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.
தோல் இருந்த இடத்தில் ஈரச் சிவப்பு.

எட்டு, என்றேன்.

மடக்கிய நாற்காலியை
அவர் மறுபடி விரித்தார்.
எதிரே கரை மெல்லச் சிறுத்துக்கொண்டு போகிறது;
பொட்டலத்தின் மேல் ஈ ஓட்டுகிறார்,
அதுவும் தெரிகிறது.