பொருளாளர் நோட்டு

செக்கானூரணி மெதடிஸ்ட் கோவிலின்
வரவு செலவு நோட்டு என் கையெழுத்தில் இருக்கிறது.
வாரநாளில் மின்வாரியத்துக்கு மீட்டர் எடுக்கிறவன்;
வீடுகளை எனக்கு யூனிட் கணக்கில்தான் தெரியும்.

ஜனவரி முதல் ஞாயிறு, உடன்படிக்கை ஆராதனை.
திராட்சைரசம் இரண்டு பாட்டில்.
வராதவர்கள் யார் என்று போதகர் கேட்டார்,
நோட்டைப் புரட்டுவதுபோல் நடித்தேன்.
குருத்தோலை லாரியில் ஓசியாய் வந்தது;
இறக்குகூலி நூற்றிருபது.
மே மாத விபிஎஸ்ஸில் தொண்ணூறு பிள்ளைகள்,
நம் சபைப் பிள்ளைகள் அதில் பதினெட்டு.
மற்றதெல்லாம் ரஸ்னாவுக்கு வந்த கூட்டம் என்றார் ஒருவர்.
வரட்டுமே,
பாட்டு அதுகளுக்குத்தான் முதலில் மனப்பாடம் ஆனது.

இதெல்லாம் பேனாவில் எழுதக்கூடியது.

ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை.
ஆல்டர் படியில் கரும்பு சாய்ந்து நிற்க,
கால் கட்டிய சேவல் ஒன்று
பிரசங்கத்துக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
எப்சிபா டீச்சர் கொடுத்த ஒற்றைப் பூசணி
நாலு முறை ஏலம் போனது.
எடுத்தவரெல்லாம் "கோவிலுக்கே இருக்கட்டும்" என்று
திரும்ப வைக்க,
ஒரே காயில் ஆயிரத்து எழுநூறு.
ஏலம் விட்டது கண்டக்டர் ஆசீர்;
"உள்ள போங்க, உள்ள போங்க" என்கிற அதே தொண்டையில்
"ஒரு தரம், ரெண்டு தரம்."

எஸ்தர் வெள்ளையம்மாள் கொண்டுவந்தது மல்லிகை.
பத்து சென்ட் தோட்டத்தில் இருட்டோடு ஆய்ந்த மொட்டு,
ஈரத்துணியில் இரண்டு கிலோ.
அன்று முகூர்த்தம்.
மாட்டுத்தாவணியில் கிலோ இரண்டாயிரம்.
எங்களில் பாதிப் பேர் பூ வைக்காத குடும்பம்,
மீதிப் பேருக்கு அந்த விலை கட்டாது.
நூறு என்றார் யாரோ. இருநூறு.
அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
துணிக்குள் மொட்டு வாய் திறக்க ஆரம்பித்தது.
எஸ்தர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூவாயிரம்."
வாசலில் எதிர்க்கடை ஒச்சப்பன்,
செருப்பை வெளியே விட்டு, பாதி உடம்பு உள்ளே,
கையில் டீ வடிகட்டி.
"இன்னைக்கு எங்க கருப்புக்குப் பொங்கல். எங்கயும் பூ இல்ல."

ஆசீருக்கு மூன்றாம் தரம் வாயில் வரவில்லை.
கமிட்டியில் ஒருவர் எழுந்தார்:
ஆண்டவருக்குப் படைச்சது அங்க எப்படிப் போகும்?
இன்னொருவர் முதற்கனி என்றார்,
லேவியராகமம் என்றார்,
அதிகாரம் மறந்து உட்கார்ந்தார்.
போதகர் துரைப்பாண்டி கண்ணாடியைத் துடைத்தார்.
பெரிதாய் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தோம்.
"பூவுக்கு யாராச்சும் ஞானஸ்நானம் குடுத்தீங்களா?
சீக்கிரம் குடுத்து விடுங்கய்யா, விரிஞ்சிரும்."

எல்லாரும் சிரிக்கவில்லை.
இரண்டு குடும்பம் அசனத்துக்கு உட்காராமல் போனது.
சோறு ஒரு அண்டா மிச்சம்.

டிசம்பர் இருபத்துமூன்று, கேரல் ரவுண்ட்ஸ்.
கிண்ணிமங்கலம் வரை நடந்து,
டிரம் தோல் பனியில் தொய்ந்து,
கிறிஸ்துமஸ் தாத்தா தாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருமிக்கொண்டு
இரண்டரை மணிக்குத் திரும்பினால்
ஒச்சப்பன் கடையில் அடுப்பு எரிகிறது.
முப்பத்துநாலு டீ.
பணத்தை நீட்டினேன்.
"உங்க பூவு மூணு நாள் வாடல சார்" என்றான்.
பொய்.
அது ஒரு ராத்திரிப் பூ, ஊருக்கே தெரியும்.
அசனத்துக்கு உட்காராத வீட்டுப் பையன்
இரண்டாவது டம்ளரை நீட்டினான்.
முப்பத்தைந்து.

மார்ச்சில் மாவட்டக் கண்காணிப்பாளர் நோட்டைப் பார்த்தார்.
மல்லிகை வரியில் விரல் நின்றது.
"நல்ல விலை."
மார்க்கெட்டைவிட ஆயிரம் குறைச்சல் என்று
நான் சொல்லவில்லை.
அடுத்த பக்கம்.
"டீ முப்பத்தைந்து. தொகை இல்ல, வவுச்சர் இல்ல.
இது வரவா, செலவா?"
ரெண்டு பக்கமும் எழுதி அழிச்சுப் பார்த்தேன் ஐயா என்றேன்.
காகிதம் அந்த இடத்தில் மெலிந்திருந்தது.
பச்சை மைப் பேனாவை மூடினார்.
"பென்சில்லயே இருக்கட்டும்" என்றார்.