கீவளூர் கேட்டில் ஏழு வோல்ட்

என் பட்டறை வாசலில் அது ஒருநாளும் படுத்ததில்லை.
சாவியைத் தொட்டதும் கிளம்பும்,
ஹாரன் ஊரைக் கூட்டும்,
இரண்டு விளக்கும் எதிர்ச்சுவரில் வட்டமாய் விழும்.
"நேத்து ராத்திரி செத்துக் கெடந்துச்சுண்ணே" என்பாள் பூமயில்.
கூண்டில் ஏறிய நல்ல பிள்ளைபோல் நிற்கும்
தொண்ணூற்றெட்டு மாடல் வேன்.

செருதூரிலிருந்து திருவாரூருக்கு மீன் ஓட்டுகிறாள்.
பேட்டரி புதுசு. ஆல்டர்னேட்டர் புதுசு.
செல்ஃப் மோட்டாரை நாகையில் ஒருவர்
இரண்டு தரம் பிரித்துக் கட்டியிருக்கிறார்.
ஆளாளுக்கு ஒரு பில்.
முன்கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழத்துக்கு மட்டும்
பில் இல்லை.
சிகரெட் தாள் சுற்றிய ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிப் போட்டு
அது ஒன்றுதான் குறை என்று
நானும் ஒருமுறை காசு வாங்கியிருக்கிறேன்.

வந்துவிட்ட கோளாறைப் பட்டறையில் பிடிக்கலாம்.
வந்து வந்து போகிற கோளாறை
அது வரும் நேரத்துக்குப் போய்த்தான் பிடிக்கவேண்டும்.
அதிகாலை இரண்டரைக்கு
மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.
எங்கள் இருவருக்கும் நடுவில் இன்ஜின் மூடி,
அதன்மேல் அவள் டிபன் பாக்ஸ்.

சிக்கல் தாண்டியதும் ஒரு பள்ளம்.
விளக்கு ஒரு கணம் கண்ணயர்ந்து விழித்தது.
"பாத்தீங்கள்ல?"
நான் பார்த்தேன்.
முள் பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

கீவளூர் கேட் சாத்தியிருந்தது.
டீசல் மிச்சம் என்று அணைத்தாள், பழக்கம்.
சரக்கு ரயில்,
எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன்.
கேட் எழுந்தது. சாவியைத் திருப்பினாள்.
டக்.
மறுபடி.
டக்.
பின்னால் பஸ், அதற்குப் பின்னால் வைக்கோல் லாரி,
இருட்டிலிருந்து யாரோ எங்கள் பரம்பரையை விசாரித்தார்கள்.
விளக்குகள் மட்டும்
தமக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் பளிச்சென்று.

மூடியைத் தூக்கிக் கைவிட்டேன்.
ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டது.
அங்கே என்ன வேலை சூட்டுக்கு?
கால் மிதித்தால் இழுபடும் வெறும் கம்பி அது.

மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும்
மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து
"இப்ப அடி" என்றேன்.
பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில்
ஏழு.

கச்சனத்தில் எனக்கு மூன்று மா நிலம்.
போன ஐப்பசியில் மூழ்கியது.
வாய்க்காலையெல்லாம் தூர்வாரியிருந்தார்கள்,
போர்டுகூட வைத்திருந்தார்கள்.
வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது.
போக வழியில்லாத தண்ணீர்
யார் வீட்டுக் கொல்லை வழியாகவோ போனது.
இந்த வண்டியிலும்
வரத்தைத்தான் பார்த்தோம் எல்லாரும்.

கீழே படுத்து டார்ச் அடித்தேன்.
இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே எர்த் பட்டை.
ஐஸ்பெட்டியிலிருந்து எட்டு வருடம் சொட்டிய மீன்தண்ணீர்
பாசிப் பச்சையாய்த் தின்றிருந்தது அதை.
நாலைந்து இழை மிச்சம்.
ஒரு குலுக்கலில் தொட்டுக்கொள்ளும்,
மறு குலுக்கலில் விட்டுவிடும்.
என் கன்னத்திலும் ஒரு சொட்டு விழுந்தது.
சங்கரா என்று நினைக்கிறேன்.

மைனஸிலிருந்து இன்ஜினுக்கு
ஜம்பர் கேபிள் ஒன்றைக் கவ்வவிட்டேன்.
ஒரே அடி. பிடித்துக்கொண்டது.
"அந்தப் பட்டை எவ்வளவுண்ணே?"
"நூத்தியெண்பது."
அவள் சிரிக்கவில்லை.
ஸ்டியரிங்கில் விரல்விட்டு எதையோ கூட்டிக்கொண்டு வந்தவள்
இருபத்திரண்டாயிரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

திருவாரூர் மார்க்கெட்டில்
கடைசிப் பெட்டி இறங்கும்வரை இன்ஜினை அணைக்கவில்லை.
"சரியாயிடுச்சு. அணைச்சுப் பாரு" என்றேன்.
"தெரியும்ணே" என்றாள்.
சாவிவரை போய்ப் போய்த்
திரும்பிக்கொண்டிருந்தது கை.