பதிவேடு: புல எண் 214

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே,
ஒரு பர்லாங் நடந்தால் ஆந்திரா.
மேய்க்கால் புறம்போக்கு, பதினோரு ஏக்கர்.
உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க
இரண்டு கோடை போயிற்று.

ஆச்சா என்றேன் நான்.
நாரேப்பி என்றாள் அந்தப் பக்கத்து எர்ரம்மா.
பேச்சு முடிவதற்குள்
மூன்று குழி வெட்டியிருந்தாள்.

நட்டது முந்நூற்று நாற்பது.
மூன்று வருடம் ஆடு நுழையக்கூடாது:
கையெழுத்துகள், கைநாட்டுகள்.
நாகேசப்பா மட்டும் போடவில்லை.
"ஆட்டுக்கும் மூணு வருசம் விரதமா?"
அதற்குத் தீர்மானத்தில் பதில் இல்லை.

ஆனியில் எண்ணினோம்.
உயிரோடு தொண்ணூற்றொன்று.
வெயிலில் திரும்பும்போது வடமூலையில்,
தடைக்கு முன் அவர் பட்டி போட்ட இடத்தில்,
முழங்கால் உயரத்துக்கு வெள்வேல்.
எண்ணிப் பார்த்தேன், பதினேழு.
முள் எல்லாம் விறைப்பாக.
நெற்றாக ஆட்டு வயிற்றில் இறங்கி
புழுக்கையோடு வந்து விழுந்தவை,
ஒரு குடம் தண்ணீர் கேட்காதவை.

பதிவேட்டில் இரண்டே பத்தி:
நட்டவை, பட்டவை.
எர்ரம்மா பேனாவைப் பிடுங்கி
ஓரத்தில் இன்னொரு கோடு இழுத்தாள்,
கோணலாக.
மேலே என்ன எழுதுவது?

நாகேசப்பா சந்தைக்குப் போயிருக்கிறார்.
வரட்டும்.