ஷெட் மண்

பர்கூர் மேம்பாலத்துக்கு மேற்கே
திம்மராயன் லாரி ஷெட்.
இருபத்தாறு வருஷம் கழித்து ஊற்றிய என்ஜின் ஆயிலில்
தரை கருங்கல்போல் இறுகியிருந்தது.
அருகம்புல்கூட அண்டாத இடம்.
"இதுல என்னம்மா உசுரு இருக்கும்?"
ஸ்பேனரைத் துடைத்தபடி கேட்டார்.
நான் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கல்லூரியில் டப்பா தரவில்லை.
கொதிக்கவைத்துக் கழுவிய ஊறுகாய் பாட்டிலில்
ஐம்பது கிராம்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி
மூக்கைச் சுளித்து எழுந்துபோனாள்.

டீசல் தவிர வேறெதுவும் தின்னக் கிடைக்காத குடுவை.
முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் ஞாயிறு.
திங்கட்கிழமை, மேலே மிதந்த படலம்
ஓரத்தில் கிழிந்து,
அடியில் கஞ்சித்தண்ணீர்போல் ஒரு கலங்கல்.
யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.
யாரோ பெருகியிருக்கிறார்கள்.

மாங்காய் மண்டியில் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை
ஒரு மணிநேரம் இரவல் வாங்கினேன்.
கதவைச் சாத்தி
ஜன்னலுக்குப் பழைய வினாத்தாள் ஒட்டி
தட்டின்மேல் ஊதா ஒளியைக் காட்டியதும்
பச்சை.
எலுமிச்சையும் இல்லாத, கிளியும் இல்லாத
ஒரு பச்சை.

இரும்பு கிடைக்காதபோதுதான் இது ஒளிரும்.
அந்த ஒளி, இரும்பைத் தேடி
அது வெளியே நீட்டும் கை.
ஷெட்டில் நட்டும் போல்ட்டும் துருவுமாய்
புரண்டு வாழ்ந்த வரைக்கும்
இருட்டாகவே இருந்திருக்கும்.
'பசித்தால் பிரகாசிக்கிறது' என்று
நோட்டின் ஓரத்தில் எழுதி
உடனே அடித்தேன்.
பசியைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள்
வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஆடிக் காற்றில்
பாலக்கோட்டு வெல்லப்பாகில் வளர்த்த கலங்கல் இரண்டு கேன்
ஷெட்டின் பின்மூலையில் ஊற்றி
கடப்பாரையால் கிளறினோம்.
சாணி, உமி, வாரம் மூன்று குடம் தண்ணீர்.
"எம்பேரு வெப்பியா அதுக்கு?"
"முதலெழுத்து மட்டும்."
"அப்ப இத்தன வருச வாடகை பாதி குடு."

மார்கழியில் போன் வந்தது.
சாரணை. நான்கு இலை.
பறிக்காதீங்க, சமைக்கவே சமைக்காதீங்க என்று கத்தினேன்.
ஈயமும் துத்தநாகமும் எங்கேயும் போய்விடவில்லை,
அவற்றைத் தின்ன இன்னும் யாரும் வரவில்லை.

நேரில் போனபோது
ஐ.டி.ஐ. பையன் முபாரக்
ஒரு மக் கழிவு ஆயிலைச்
செடியின் காலடியில் சாய்த்துக்கொண்டிருந்தான்.
"பாவம்க்கா,
நாளைக்கு ஷெட்டு லீவு.
அதுங்களுக்கு யாரு போடுவா?"