நாலாவது கட்டம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
எனக்குப் பதினைந்து நிமிஷம் லேட்.
அன்றைக்கு நாற்பது.
சரக்கு வண்டி பாதி வழியில் நின்று
எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள்
பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்
மீன்கார அமுலுவும் மகளும்.
சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தை
மகள் படித்துக்கொண்டிருந்தாள்
ஒவ்வொரு கீரையாக, உதடு அசைய,
நாளைக்குப் பரீட்சை என்பதுபோல.

பெயர்: பெனிட்டா.
கணவர் பெயர்: அம்மாவைப் பார்த்தாள். பிறகு, லோகு.
விலாசம்: அம்மா சொன்னாள்.
வயது:

இந்த நாலாவது கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருக்கும்.
பதினெட்டுக்குக் கீழே என்றால்
ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டும்.

"பத்தொம்போது போட்டுக்கோமே"
என்றாள் அமுலு.
கூறு கட்டிய நெத்திலியில்
மேலே ரெண்டு அள்ளிப் போடுகிற குரல்.

ஆதாரை எலி கடித்துவிட்டதாம்.
கொண்டுவந்தது ஒரு பை, பள்ளிக்கூடப் பை.
ஸ்கேன் ரசீதைத் தேடிக் கவிழ்த்தபோது
ஜியோமெட்ரி பாக்ஸ் விழுந்து திறந்தது.
காம்பஸ் ஒரு பக்கம், பென்சில் துண்டு ஒரு பக்கம்.
எல்லோரும் குனிந்தோம்
அவளைத் தவிர.
ஏழு மாதம்.

ரத்தம் ஏழு புள்ளி நாலு.
பிரஷரை மூன்று தடவை பார்த்தாள் துளசிபாய் சிஸ்டர்.
கால் வீக்கத்தை விரலால் அழுத்தினாள்,
குழி எழும்பவில்லை.
"இத்தினி நாள் எங்கடி போன?"

பதில் எனக்குத் தெரியும்.
இந்தக் கட்டத்துக்குப் பயந்து
வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பாள்.
ஜன்னலை மூடி, டிவியைச் சத்தமாக வைத்து,
அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள் என்று
டீச்சருக்குச் சொல்லச் சொல்லி.

போன வருஷம் ஒருத்தி. பெயர் வேண்டாம்.
பத்தொன்பது என்று நான்தான் அடித்தேன்,
இரக்கப்பட்டு.
வலிப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
கேஸ் ஷீட்டிலும் அதே பத்தொன்பது.
உண்மை எழுதியிருந்தால் பிழைத்திருப்பாளா?
யாரும் அப்படிச் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
பையன் இருக்கிறான்.
ஒன்றரைக் கிலோவில் பிறந்தவன்
இப்போது நடக்கிறானாம்.

"அக்கா" என்றாள் பெனிட்டா, மெதுவாக,
அம்மாவுக்குக் கேட்காமல்,
"நெசத்த சொன்னா லோகுவ இட்டுனு போயிடுவாங்களா?"
மூச்சு விடாமல் அடுத்தது:
"லெவன்த்ல திரும்பச் சேத்துப்பாங்களா?"

முதல் கேள்விக்குத் தலையாட்டினேன்.
இரண்டாவதுக்கும் தலையாட்டினேன்,
அது எனக்குத் தெரியாது.

ஒன்று. ஆறு.
எண்டர்.

முதலில் ஆம்புலன்ஸ்.
பிறகு அந்த இன்னொரு நம்பர்.
அமுலு என்னைத் திட்டிய திட்டில்
தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின.
"ஒரு பொண்ண பெத்திருந்தா தெரியும்டி ஒனக்கு!"
பெற்றிருக்கிறேன். எட்டாவது படிக்கிறாள்.
அதை ஏன் அப்போது சொல்லவேண்டும்.

வண்டி புறப்பட்ட பிறகு
சைரன் தூரமாகப் போகிறதா, நிற்கிறதா என்றே
காதை வைத்திருந்தேன்.
கேட் திறந்திருக்க வேண்டும்.
எத்தனையோ வருஷம் திட்டித் தீர்த்த கேட்டிடம்
அன்றைக்குத்தான் கெஞ்சினேன்.

சாயங்காலம் பெருக்கியபோது
பெஞ்சுக்கு அடியில் பாகைமானி.
பிளாஸ்டிக்கில் ஊசியால் கீறிய எழுத்து:
பெனிட்டா, பத்தாம் வகுப்பு பி.
பக்கத்தில் ஒரு பூ, நாலு இதழ்,
ஐந்தாவதை முடிக்கவில்லை.

டிராயரில் வைத்திருக்கிறேன்,
ரப்பர் ஸ்டாம்புகளோடு.